குசினி வழியாக வந்த கஜலட்சுமி

கஜலட்சுமி தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்தது இரண்டே வரிதான். பெயர், கண்டி மஹய்யாவ விலாசம், தையல் வேலை. அவ்வளவு. அந்த வாரம் எங்கள் பங்களாவில் கூடி எழுதியவர்களின் எழுத்தையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். மற்றவர்கள் தங்களைப் பற்றி அரைப் பக்கம், முக்கால் பக்கம் என்று எழுதியிருக்கிறார்களாம். இவளுக்கு மட்டும் இரண்டு வரியா? அது சரி வராது, மிச்சத்தை நான் சொல்கிறேன் என்றேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் சாந்தகுமார் மாஸ்டர். அவரும் இதில் வருகிறார். தன்னைப் பற்றி வரும் இடத்தில் பேனாவை நிறுத்தக்கூடாது என்று முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறேன்.

என் பெயர் மேபல். மடுல்கெல்லைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற பழைய துரை பங்களாவில் சமையல் என்னுடையது. என் வீட்டுக்காரர் கிறகரி அங்கே அப்புவாக இருந்தார். பங்களாச் சமையல்காரரை அப்பு என்றுதான் சொல்வது. அவர் போன பிறகு குசினி என் கைக்கு வந்தது. துரைமாரும் போய்விட்டார்கள். இப்போது பங்களாவை வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். புதுச் சோடிகள் வருவார்கள், மலையேறுகிற வெள்ளைக்காரர்கள் வருவார்கள். எழுதுவதற்கென்றே ஆட்கள் வருவார்கள் என்பது எனக்குப் புதிது.

அதை நடத்தியவர் இராமநாதன் சார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் இருக்கிறார். ஒரு கிழமைக்கு முன்பே வந்து எல்லாம் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு நாள். எழுதுகிறவர்கள் பத்துப் பேர், சொல்லிக்கொடுக்க வெளிநாட்டு அம்மா ஒருவர், அவர் ஒருவர், ஆகப் பன்னிரண்டு தட்டு. பத்துப் பேரில் சிலர் வெளிநாடு, சிலர் கொழும்பு, இரண்டு இடம் மலைநாட்டுக்காரர்களுக்கு இலவசம். காலை எழும்பியதிலிருந்து பகல் சாப்பாடு வரை ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாதாம். ஏதாவது சண்டையா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, எழுதுவதற்கு அமைதி வேண்டும் என்றார். ஏழு பேரப்பிள்ளைகள் காலைச் சுற்றிக்கொண்டு நிற்க நாற்பது பேருக்குச் சமைத்தவள் நான். இருந்தாலும் அவரவர் தொழில் அவரவருக்குத்தானே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு பேருக்கு ஆறு நாள் சமைக்க எனக்கு ஒரு கை தேவைப்பட்டது. பன்விலையில் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். றமீலா என்று ஒரு பெண்ணை ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நல்ல மழை. விறகு அடுக்கியிருக்கும் பக்கத்துப் படியில் ஒரு பெண் வந்து செருப்பைக் கழற்றினாள். ஐம்பதை எட்டிய வயது. உடம்பெல்லாம் தண்ணீர். தோளில் ஒரு துணிப்பை, நெஞ்சோடு அணைத்தபடி பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பொதி. நான் பெயர் கேட்கவில்லை. எனக்கு அடுப்பில் இரண்டு சட்டி கொதிக்கிறது.

"வந்துட்டியா புள்ள. தலையத் தொவட்டிட்டு அந்த வெங்காயத்த எடு" என்றேன்.

அவளும் தலையைத் துவட்டினாள், வெங்காயத்தை எடுத்தாள். இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை நான் கறிக்குக் கூட்டு அரைத்து முடிக்கும் முன்னே உரித்து, கழுவி, ஒரே அளவாக வெட்டி வைத்தாள். வெட்டிய இடத்தை அவளே துடைத்தாள். இப்படி ஒருத்தியை அனுப்பியதற்காக அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன். அவளுடைய போன் மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. அதை வாங்கி அரிசித் தகரத்துக்குள் புதைத்து வைத்தேன். அரிசி ஈரத்தை இழுத்துவிடும். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஒரே ஒரு தடவை கேட்டாள், எழுத வந்தவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று. அவர்கள் முன்னால் இருப்பார்கள், நமக்கு இங்கேதான் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். ராத்திரி என் அறையிலேயே பாயைப் போட்டுப் படுத்தாள்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து ஆட்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, பெண்பிள்ளைகள் நேரே முன்வாசலில் போய்க் கதிரையில் உட்காருவதில்லை. பின்பக்கமாகப் போவோம். யாரும் சொல்லும் முன்னே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு காய் வெட்டுகிற கூட்டத்தில் குந்துவோம். பந்தி போட்டாலும் நாமாகப் போய் உட்காருவதில்லை. வீட்டுக்காரர் வந்து, பெயரைச் சொல்லி, சாப்பிட வாங்க என்று கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கை கழுவுவது. கூப்பிடாமல் உட்கார்ந்தவளைப் பற்றி லயத்து வரிசை வீடுகளில் பத்து வருஷம் பேசுவார்கள்.

கஜலட்சுமிக்கு வந்த கடிதத்தில் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று போட்டிருந்தது. அவள் மனசுக்கு அது விசேஷ வீடு. அதனால் பின்பக்கமாக வந்தாள், கத்தியை எடுத்தாள், கூப்பிடுவார்கள் என்று இருந்தாள்.

முன்னால் நடந்தது வேறு. நான்கு மணிக்குப் புல்தரையில் மேசை போட்டு, வந்தவர்களின் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரு பெயருக்கு மட்டும் கையெழுத்து இல்லை. இராமநாதன் சார் அந்தப் பெயருக்குரிய நம்பருக்கு விடாமல் போன் பண்ணியிருக்கிறார். போன் என் அரிசித் தகரத்துக்குள் கிடக்கிறது.

திங்கட்கிழமை காலையில் மௌனம் தொடங்கியது. விறாந்தையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதினார்கள். எனக்கு முழங்கால் வலி, அதனால் தேத்தண்ணித் தட்டை அவளிடம் கொடுத்து அனுப்பினேன். இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் போன ஆள் திரும்பி வரக் கால்மணி நேரம் ஆனது. எட்டிப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் வெறும் தட்டைப் பிடித்தபடி அவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குப்பைக் கூடையில் கிடந்த கசக்கிய தாள்களைக் கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மடியில் வைத்து நீவி அடுக்கினாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அடுத்தவர் கசக்கிப் போட்டதைப் படிக்கக்கூடாது, தாள் நல்ல தாளாக இருக்கிறது, அதுதான் என்றாள்.

பகல் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த நேரம் இராமநாதன் சார் குசினிக்குள் வந்தார். அவள் ஒரு பக்கம் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"மேபல் அக்கா, அந்த மஹய்யாவக்காரி வரேல்லை" என்றார். "போனும் வேலை செய்யேல்லை. மத்தியானம் வரைக்கும் பாத்தன். இனிச் சரிவராது. ஹற்றனிலை இருந்து அடுத்த ஆளை வரச்சொல்லிப்போட்டன். அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்திடுவார். தட்டுக் கணக்கு அப்பிடியே இருக்கட்டும்."

சரி சார் என்றேன். அவர் போய்விட்டார். நான் மீன் கழுவத் திரும்பினேன். தேங்காய் திருவுகிற சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தால், வெள்ளைப் பூவுக்குள் கறுப்புக் கறுப்பாகத் தூள் விழுகிறது.

"என்னா புள்ள, செரட்டையும் சேத்து திருவுற?"

கையை நிறுத்தினாள். தலையைத் தூக்கவில்லை.

"அந்த மஹய்யாவக்காரி நாந்தான் மேபலம்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்படியென்றால் றமீலா யார் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றாள். (றமீலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காய்ச்சல். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.) பிறகு எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வது? மனுஷன் இப்போதுதானே கண் முன்னால் நின்றார், வாயைத் திறந்து நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று ஏசினேன். ஏசும்போதே என் பக்கம் இருந்த தப்பும் தெரிந்தது. பெயரைக்கூடக் கேட்காமல் ஒருத்தியை ஒரு நாள் முழுக்க வேலை வாங்கியிருக்கிறேன்.

கூப்பிடுவார்கள் என்று இருந்ததாகச் சொன்னாள். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் காலையில் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாளாம். இப்போது வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள், அந்த ஆள் பஸ் ஏறியிருப்பார், இனி நடுவில் போய் நிற்பது அழகில்லை, துணியை மடித்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றாள்.

"அப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டேன்.

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

"முப்பது வருசமா எழுதுறேன் மேபலம்மா. ஒருத்தர் முன்னாடியும் படிச்சதில்ல. இங்க கடைசியில எல்லாரும் படிக்கணுமாம். அதுக்குத்தான் வந்தேன்."

கருத்த தூள் விழுந்த தேங்காய்ப்பூவைக் கோழிக்குப் போட்டுவிட்டு, வேறு தேங்காய் உடைத்துக் கொடுத்தேன். அதைத் திருவிக்கொண்டே அவள் தன் கதையைச் சொன்னாள். நானாகக் கேட்டுக் கேட்டு வாங்கியதுதான்.

புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை பக்டரியில் வேலை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள். பத்தொன்பது வயதில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை கிடைத்தது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இருபது பிள்ளைகள், இருபது தொட்டில். எந்தப் பிள்ளை எத்தனை தடவை சாப்பிட்டது, காய்ச்சலா, வயிற்றோட்டமா என்று கொப்பியில் எழுத வேண்டும். இவள் கேட்டதற்கு மேலே எழுதினாளாம். இந்தப் பிள்ளை இன்று முதல் முறையாகத் தன் நிழலைப் பார்த்துப் பயந்தது என்று எழுதுவாள். அந்தப் பிள்ளை மழைச் சத்தத்துக்குச் சிரித்தது என்று எழுதுவாள். பார்வையிட வந்த ஐயா கொப்பியைப் புரட்டிவிட்டு, இதென்ன கதையா எழுதுகிறாய் என்று சத்தம் போட்டார். அன்றைக்குத்தான் இதற்குப் பெயர் கதை என்று தனக்குத் தெரிந்தது என்றாள்.

கல்யாணம் முடித்து மஹய்யாவைக்கு வந்தாள். புருஷன் சின்னமுத்து மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிற பகுதியில் வேலை. நல்ல மனுஷன். வீட்டிலேயே பாடசாலைச் சீருடை தைக்கிறாள். சட்டை வெட்ட அளவு போடுகிற மண்ணிறத் தாள் மிஞ்சும் அல்லவா, அதில் எழுதுவாள். மெஷினில் ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவில் நாலு வரி. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இரண்டு கதை வந்திருக்கிறது. பேப்பரைச் சின்னமுத்து தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, நீயே படித்துக் காட்டு என்று கேட்டால் இவளுக்கு மூன்று வரிக்கு மேல் குரல் வராதாம். இந்த வாரத்துக்கு விண்ணப்பம் நிரப்பி, அதோடு ஒரு கதையையும் அனுப்பியது மகள். கண்டி பஸ் நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டவர் சின்னமுத்து. ஆறு நாளைக்குத் தானே சமைத்துக்கொள்வதாகவும், அவள் வந்து சட்டிகளைப் பார்த்துவிட்டு ஏசக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினாராம்.

இவ்வளவும் கேட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? மூன்றரை மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு புல்தரைக்குப் போனேன். இராமநாதன் சார் தாள்களைப் பரப்பிவைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மஹய்யாவக்காரி நேற்றுப் பகலில் இருந்து என் குசினியில் இருக்கிறாள், நீங்கள் குடித்த தேத்தண்ணி அவள் கையால் போட்டது என்றேன்.

மனுஷன் எழும்பி நின்றார். தலையில் கையை வைத்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பிறகு, சரி, உடனே இங்கே வரச்சொல்லுங்கோ என்றார்.

"சொல்ல மாட்டேன். நீங்க வந்து கூப்பிடணும் சார்."

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். முதலில் ஹற்றன்காரருக்குப் போன் பண்ணி நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகு வாறன் என்றார். எங்கள் பங்களாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் இழுக்கும். அவர் அங்கே போய் நின்றுகொண்டார். நான் குசினிக்குத் திரும்பினேன்.

நான்கு மணிக்குத் தேத்தண்ணி போக வேண்டும். கொதித்த கேத்தலை இறக்கி ஓரமாக வைத்தேன். கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தேன். தட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கஜலட்சுமிக்கு முகமே இல்லை. எனக்காக வேண்டாம் மேபலம்மா, பாவம் அவர்கள், தேத்தண்ணியைக் கொடுத்துவிடுவோம் என்று மூன்று தடவை கெஞ்சினாள். வாயை மூடிக்கொண்டு அங்கே இரு என்றேன். நாலேகாலுக்கு விறாந்தையில் கதிரைகள் அசைந்தன. அந்த வெளிநாட்டு அம்மா வாசல் வரை வந்து, கையைக் கோப்பை மாதிரிக் குவித்துக் காட்டினார். நானும் கையை விரித்துக் காட்டினேன். அவர் போய்விட்டார்.

நாலரைக்கு இராமநாதன் சார் வந்தார். குசினி வாசலில் நின்று, என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். அது நான் சொல்லிக் கொடுத்தது அல்ல. அவராகச் செய்தது. நல்ல வீட்டுப் பிள்ளை.

"கஜலட்சுமி அக்கா, வாங்கோ" என்றார். "உங்கட கதையை நாங்கள் எல்லாரும் வாசிச்சிட்டம். உங்களுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்."

அவள் வாளித் தண்ணீரில் கை கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். அந்தப் பிளாஸ்டிக் பொதியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள். நான் அலுமாரியைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், ஐந்து மணி பஸ்ஸில் ஹற்றன்காரர் வந்து இறங்கினார். அவர்தான் சாந்தகுமார் மாஸ்டர். அவருடைய போனுக்கும் வழியெல்லாம் இழுக்கவில்லை. கையில் குடை, தோளில் பை, எல்லோருக்கும் என்று ஒரு பெட்டி பேக்கரிப் பணிஸ். அவரைக் கண்டதும் கஜலட்சுமி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். நீங்க உக்காருங்க சார், நான் கிளம்புறேன் என்கிறாள். விஷயம் தெரிந்ததும் மாஸ்டர் இரண்டடி பின்னால் போய், இல்லைங்க, நீங்கதான் முதல் ஆள், நான் அடுத்த வருஷம் வர்றேன் என்கிறார். இரண்டு பேரும் நிற்கிறார்கள். கதிரை சும்மா இருக்கிறது. மற்றவர்கள் பணிஸைப் பார்க்கிறார்கள்.

இராமநாதன் சார் கட்டில் பத்துத்தான் என்றார். கட்டில் எதற்கு, அவள் என் அறையில்தான் நேற்றும் படுத்தாள், இன்றும் படுப்பாள் என்றேன். சாப்பாடு என்றார். சாப்பாடு என் பொறுப்பு என்றேன். பத்துப் பெயரோடு பட்டியல் கொழும்புக்குப் போய்விட்டதே என்றார்.

"பேனா ஒங்க கையிலதானே சார் இருக்கு" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டியலின் அடியில் பதினொன்று என்று போட்டு எழுதினார். விறாந்தையில் இருந்து இன்னொரு கதிரை வந்தது.

ஆனால் அன்று ராத்திரி மேசைக்குத் தட்டு வைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று. நான் கோயிலுக்குப் போகிறவள். யேசுநாதர் கடைசியாகச் சாப்பிட்ட மேசையில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று தட்டு என் கையால் வைக்க மாட்டேன். அதனால் பதினாலாவது தட்டு ஒன்று வைத்தேன், யாரும் உட்காராத இடத்தில். வெள்ளிக்கிழமை வரை மூன்று நேரமும் வைத்தேன். அந்த வெளிநாட்டு அம்மா அதைக் கவனித்து, இது இந்தத் தீவில் செத்துப்போன முன்னோர்களுக்கு வைக்கிற தட்டு என்று நினைத்துக்கொண்டு ஒரு கவிதை எழுதிவிட்டார். வாசித்தபோது சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் திருத்தப் போகவில்லை. அதுவும் புத்தகத்தில் வருகிறதாம்.

இடம் கிடைத்தது சரி, அதில் இருக்க வேண்டுமே. கஜலட்சுமியால் முடியவில்லை. மேசையில் யாருடைய தட்டாவது காலியானால் அவள் எழும்பிவிடுவாள். பக்கத்தில் இருக்கிறவர் கடைசி வாயை விழுங்கும் முன்னே அவருடைய தட்டு இவள் கையில் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை மௌன நேரத்தில் குசினி வாசலில் வந்து நின்றாள். மெதுவாகப் பேசினாள், கை சும்மா இருந்தால் ஒன்றும் ஓடவில்லையாம், கொஞ்சம் வெங்காயமாவது கொடுங்கள் என்றாள். இந்த வாசலைத் தாண்டினால் அகப்பைக் காம்பால் அடிப்பேன் என்றேன். வெள்ளைத் தாளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றாள். கடையில் சாமான் கட்டி வந்த தாள் பைகளைக் கிழித்து, விரித்து, ஒரு கட்டுக் கொடுத்தேன். போய்விட்டாள். பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது அவள் விரலெல்லாம் மை.

வெங்காயம் உரிக்க வந்தது மாஸ்டர்தான். ஒருவர் இடத்தைப் பிடித்துக்கொண்டோமோ என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. தினமும் மௌனம் முடிந்ததும் வந்து குந்துவார். அவர் உரித்த உருளைக்கிழங்கில் பாதி தோலோடு போய்விடும். இதை எழுதும்போது சிரிக்கிறார். நிறுத்தாமல் எழுதுங்கள் மாஸ்டர்.

வியாழக்கிழமை பின்னேரம் வாசிப்பு. பங்களாவின் பெரிய கூடத்தில் வட்டமாகக் கதிரை. நான் சாப்பாட்டறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். எழுதிய நாலைந்து பேர் வாசித்த பிறகு இவள் முறை. எழும்பி நின்றாள். உட்கார்ந்தே வாசிக்கலாம் என்றார்கள். உட்கார்ந்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் குரல் நின்றுவிட்டது. கையில் இருந்தது நான் கிழித்துக் கொடுத்த தாள் பை. இராமநாதன் சார் ஒரு கோப்பைத் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைக் குடிக்கவில்லை. மடியில் இருந்த தாளை ஒரு தடவை நீவிவிட்டு, திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

பிள்ளைக்காம்பராக் கதைதான். தொட்டிலெல்லாம் தாய்மாரின் பழைய சேலை. ஒரு நாள் பெருமழை, மலையில் பாதை உடைந்து, பத்து மணிக்குப் பால் கொடுக்க வர வேண்டிய தாய்மார் வரவில்லை. இருபது பிள்ளையும் ஒரே நேரத்தில் அழுகிறது. அந்த ஆயா ஒவ்வொரு சேலையாக மோந்து பார்க்கிறாள். ஒன்றில் வெற்றிலை வாசம், ஒன்றில் விறகுப் புகை, ஒன்றில் கொழுந்துக் கறை. இருபது தாயையும் வாசத்தில் கண்டுபிடித்து, அந்தந்தச் சேலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அந்தந்தப் பிள்ளையைத் தூக்குகிறாள். தாய்மார் நனைந்துகொண்டு ஓடி வரும்போது அவள் தோளில் இருபது சேலை. அவ்வளவுதான் கதை. இராமநாதன் சார் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது நடுவில் அவரும் ஒரு தடவை நிற்க வேண்டி வந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அதில் ஒரு பிழை இருந்தது. பால் வராத பிள்ளைகளுக்குச் சீனித் தண்ணீர் கொடுத்ததாக எழுதியிருந்தாள். எனக்குத் தெரிந்து எந்தப் பிள்ளைக்காம்பராவிலும் சீனித் தண்ணீர் கொடுத்ததில்லை, கொத்தமல்லித் தண்ணீர்தான். ஆட்கள் கலைந்த பிறகு போய், அதை மாற்று என்றேன்.

"ஒங்க தோட்டத்துல கொத்தமல்லி. எங்க தோட்டத்துல சீனித் தண்ணிதான்" என்றாள். "மாத்த மாட்டேன் மேபலம்மா."

ஞாயிற்றுக்கிழமை நனைந்து வந்து வாயைத் திறக்காமல் வெங்காயம் வெட்டியவள் இவள்தானா என்று பார்த்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. புத்தகத்தில் சீனித் தண்ணீர் என்றுதான் வருகிறது. கொத்தமல்லி என்பதை நான் இன்றைக்கும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பாள், அதைப் பற்றித்தான் முதலில் சண்டை. பிறகு எழுதியதை வாசித்துக் காட்டுவாள். பக்கத்தில் சின்னமுத்துவும் இருந்து கேட்கிறார் என்பது அவர் தொண்டையைச் செருமுவதில் தெரியும். பத்து நிமிஷம், கால்மணி நேரம், குரல் ஒரு இடத்திலும் நிற்பதில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நான் சைவம், கோழியும் ஆகாது, மீனும் ஆகாது. விருந்தாளிகளுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? மஞ்சள் சோறு, கோழிக் கறி, பருப்பு, கத்தரிக்காய் மோஜு எல்லாம் செய்து வைத்தேன். ஏற்றிப்போக வான் வண்டி இரண்டு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பேச்சும் சிரிப்பும்தான். நான் ஒரு கண்ணை அவள் கையில் வைத்திருந்தேன். பக்கத்தில் மாஸ்டர் சாப்பிட்டு முடித்தார். அவள் எழும்பவில்லை. எதிரே இருந்த வெளிநாட்டு அம்மா முடித்தார். அவள் கை அசைந்தது, ஆனால் அந்தத் தட்டுக்குப் போகவில்லை. தன்னுடைய தட்டை ஒரு விரற்கடை முன்னால் தள்ளிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேபலம்மா, இங்க இன்னும் கொஞ்சம் சோறு வைங்க."

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். போதுமா என்று கேட்டேன். இன்னும் ஒரு கரண்டி என்றாள்.